கரண்ட் இல்லை

பொதட்டூர்ப்பேட்டையிலும் மருந்துக்கடை உண்டு.
கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் என் நாத்தனாரின் சம்பந்தி.
அதனால் நகரிக்கு ஷேர் ஆட்டோ.
மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர்,
மடியில் யாருடையதோ நூல் மூட்டை.
எல்லை என்பது ஒரு வளைவும் ஒரு டீக்கடையும்தான்.
அதைத் தாண்டினால் பலகைகளில்
எழுத்து உருண்டையாகிறது.
‘என்னி காவாலி அக்கா?’
பதினைந்து என்று விரலால் காட்டுகிறேன்.
பையன் சீட்டைச் சரியாகக்கூடப் பார்ப்பதில்லை.
காய்ச்சல் மாத்திரை மாதிரி கத்தரித்துத் தருகிறான்.
பாதி புரியும் மொழியில்
வெட்கமும் பாதிதான்.

இந்தப் பக்கம் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு.
அக்கி வந்தால் குயவர் வீட்டில்
காவி கரைத்து எழுதுவார்கள்.
போன ஆனியில் என் கொழுந்தனார்
சட்டையில்லாமல் தெருவாசலில் உட்கார்ந்திருந்தார்,
விலாவில் சிவப்பாய் ஒரு சிங்கம்.
போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று விசாரித்தார்கள்.
எனக்கு வந்தது அதற்குத் தாயாதி என்றார் டாக்டரம்மா.
தாயாதிதான்.
ஆனால் எங்கே எழுதச் சொல்வது சிங்கத்தை?

யாரிடமிருந்து யாருக்கு?
மூன்று மாதம் அந்தக் கேள்வி
எங்களோடு தட்டுப் போட்டுச் சாப்பிட்டது.
தணிகாசலம் திருப்பூரில் இருந்த இரண்டு வருஷத்தை
நான் எடுத்து உதறினேன்.
ஆறே மாதத்தில் அறுந்துபோன
என் முதல் கல்யாணத்தை அவன் உதறினான்.
‘வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும்,
தேதி கேட்காதீங்க’ என்றார் டாக்டரம்மா.
திரும்பும் வழியில் அவன் வண்டியை நிறுத்தி
ஒரு கிலோ கொய்யா வாங்கினான்.
காயாக இருந்தது எல்லாம்.
தின்றோம்.

வலி எடுத்த அன்று
புண்ணும் இருந்தது.
நர்ஸ் கையைப் பிடித்து நானே சொன்னேன்.
அந்த ஒரு வாக்கியத்துக்கு
பிரசவத்தைவிட அதிகம் முக்கினேன்.
வயிற்றைக் கீறி எடுத்தார்கள் மிதுலாவை.
‘கொடி சுத்திக்கிச்சு’ என்றான் தணிகாசலம் தன் அம்மாவிடம்.
ஏழு வருஷமாய்
ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் சுற்றுகிறது அந்தக் கொடி.

இன்னொரு கொடி மாடியில்.
என் பச்சைத் துண்டுக்கு மட்டும்.
ஒருநாள் மிதுலா அதில் தலை துவட்டிக்கொண்டு வந்தாள்.
அடித்துவிட்டேன்.
பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.
அப்படியும் அந்தச் சத்தம் கேட்டது.

‘துண்டுல வராதும்மா,
கட்டிப்பிடிச்சா வராது,
ஒரே தட்டுல சாப்பிட்டா வராது.’
இன்னும் சொல்லுங்க என்றேன்.
டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு
வராததை எல்லாம் சொன்னார்.
வெளியே ஆறு டோக்கன் காத்திருந்தது.

அன்று மாலை பச்சைத் துண்டால்
அவளுக்குத் தலை துவட்டினேன்.
இனிமே இது நம்ம ரெண்டு பேருக்கும் என்றேன்.
எனக்கு நீலம்தான் பிடிக்கும் என்றாள்
கன்னத்தைத் திருப்பிக்கொண்டு.

முதலில் இடது தொடையில் எறும்பு.
மறுநாள் சிவப்பு.
அதற்கு மறுநாள் உட்காரத் தெரியாது எனக்கு.
எறும்பு ஊரும்போதே சொல்லிவிட வேண்டும்.
கூடத்தில் மாமியார், கட்டிலில் குழந்தை,
எந்த வார்த்தையால் சொல்வது?
விசைத்தறி ஊர்தான் கொடுத்தது:
‘கரண்ட் இல்லை.’
கேட்டதும் தணிகாசலம் தலை அசைப்பான்.
ராத்திரி என் கால் மாட்டில் உட்கார்ந்து
குதிகால் வெடிப்புக்கு வாசலின் தடவுவான்.
ஒரு காலை முடித்துவிட்டுத் தூங்கியும் போவான்.

நேற்று ரசம் ஊற்றும்போது சொன்னேன்.
மிதுலா அண்ணாந்து பார்த்தாள்.
ஃபேன் சுற்றுகிறது.
டியூப்லைட் எரிகிறது.
பக்கத்து வீட்டில் பன்னிரண்டு தறியும்
தடதடவென்று.
‘இருக்கேம்மா!’

தணிகாசலத்துக்குப் புரையேறியது.
அவன் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே சொன்னேன்:
‘இருக்கு, இருக்கு.’